அரத்துக்கு அடங்கும் வாய்

(குடிபாலாவில் விவசாயிகளும் பட்டறைத் தொழிலாளர்களும் ஐடிஐ மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)



எந்த இரும்பில் கத்தி செய்தால் நல்லது என்ற கேள்வியைக் கொடுத்து என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஆற அமரப் பேசலாம். இந்தப் பக்கத்துக் கரும்புக்கும் முள்ளுக்கும் மாங்கிளைக்கும் லாரிப் பட்டையை, அதாவது லாரியின் அடியில் சுமை தாங்கும் வில்பட்டையை, மிஞ்சிய இரும்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் ஒரே பட்டையை இரண்டாக வெட்டி இரண்டு பேர் செய்த கொடுவாள்களில் ஒன்று பிள்ளை காலம் வரை உழைக்கும். இன்னொன்று முதல் அறுவடையிலேயே பல் விழுந்து மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகப்பட்டுவிடும். இரும்பில் குற்றமில்லை. அடித்து முடித்த பிறகு, காய்ச்சிய இரும்பைச் சட்டென்று குளிர வைத்துத் தோய்ச்சல் போட்டு, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதம் இறக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நாமோ இரும்பின் எடைக்குக் காசு கொடுக்கிறோம், சம்மட்டி அடிக்கு, பிடிக்கு, பூணுக்குக் கொடுக்கிறோம். அந்தக் கால் மணி நேரத்துக்கு யாரும் தனியாகக் கூலி கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கொடுக்காததால் பலர் அதைச் செய்வதையும் விட்டுவிட்டார்கள்.

முதலில் கத்தியிடம் நமக்கு என்ன வேலை என்று பார்ப்போம். கரும்பைத் தரையோடு வெட்ட வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடிக்கணுவில்தான் சர்க்கரைச் சத்து அதிகம். கட்டை உயரமாக நின்றால் மறுதாம்பும் ஒழுங்காகத் தழையாது. ஆகவே வெட்டுகிறவர் கத்தியை மண்வரைக்கும் கொண்டுபோகிறார். நீவா ஆற்றுப் படுகைப் பக்கத்து நிலமானாலும் சரி, மேட்டு நிலமானாலும் சரி, மண்ணில் கல் இருக்கும். கல்லில் அடி விழும்போது கத்தியின் வாய்க்கு இரண்டே வழி. ஒன்று மடங்கும், இல்லையென்றால் பறியும். மடங்கிய வாயை வரப்பில் உட்கார்ந்து அரத்தால் நாலு இழுப்பு இழுத்து நிமிர்த்திவிடலாம். பறிந்த வாய்க்கு வைத்தியம் வேறு. அந்தப் பல் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழத்துக்கு மொத்த வாயையும் தேய்த்து இறக்க வேண்டும். அரை நாள் கூலி அதிலேயே போய்விடும்.

எனவே நம் கத்தி எவ்வளவு கடினமாக இருக்கலாம் என்பதற்கு எல்லைக்கோடு போடுவது இடுப்பில் செருகிய அரம். அரத்துக்கு அடங்காத கத்தி எவ்வளவு உயர்ந்த கத்தியானாலும் கரும்புத் தோட்டத்தில் இரண்டாம் நாள் மொட்டைக் கத்திதான்.

கடினத்தை அளக்க ராக்வெல் என்ற ஒரு முறை உண்டு. வைரக் கூம்பை 150 கிலோ பளுவில் இரும்பின்மேல் அழுத்தி, எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பார்கள். 1919-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய கருவி. ஐடிஐ தம்பிகள் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பார்கள். நல்ல அரம் அதில் 60-க்கு மேல் நிற்கும். ஜப்பானியச் சமையல் கத்திகளும் 60, அதற்கு மேலும் போகும். லாரியில் மாட்டியிருக்கும்போது பட்டை ஏறக்குறைய 41 முதல் 48 வரை. கரும்பு வெட்டும் நம் கொடுவாள் வாய்க்கு நான் சொல்லும் அளவு 52 முதல் 55. அதற்குக் கீழே போனால் கூர் நிற்காது. அதைத் தாண்டினால் அரம் வழுக்க ஆரம்பிக்கும்.

லாரிப் பட்டை நம் பட்டறைக்கு வந்தது அண்மைக் கதை. அசோக் லேலண்டின் மூல நிறுவனம் சென்னையில் தொடங்கியது 1948-இல். டாடா, மெர்சிடிஸ் பென்சுடன் கூட்டுச் சேர்ந்து லாரி விட்டது 1954-இல். அந்த வண்டிகள் ஓடித் தேய்ந்து காயலாங்கடைக்கு வந்த பிறகுதான் கொல்லருக்கு இந்த யோகம். அதற்கு முன்னால் எஃகு அரிது. மாட்டுவண்டிச் சக்கரப் பட்டா போன்ற மெத்தென்ற இரும்பில் உடம்பை அடித்து, வாய்க்கு மட்டும் ஒரு துண்டு எஃகை வைத்து உலையில் இணைத்துவிடுவார்கள். முதுகு வளையும், வாய் நிற்கும். வறுமையில் பிறந்த உத்திதான், ஆனால் அதில் இருக்கும் உலோகவியலைப் பாடப்புத்தகத்தில் போடலாம். வாய்க்கு ஒரு குணம், முதுகுக்கு வேறு குணம் என்ற கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

இரும்பின் வரலாறு என்று ஆரம்பித்தால் நம்மவர்கள் உடனே நெஞ்சை நிமிர்த்துவார்கள். நிமிர்த்தலாம், தப்பில்லை. கொடுமணல் என்ற பழைய ஊரில் தோண்டியபோது இரும்பு, உருக்கு உலைகளின் தடயங்கள் கிடைத்தன. பழைய தென்னார்க்காட்டின் மேல்சிறுவளூரில் உருக்கு வடித்த மண்குகைகளின், அதாவது மூசைகளின், மிச்சங்களை 1990-களில் ஆராய்ச்சியாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்தார். தெலங்கானாவில் கோனசமுத்திரம் என்று ஓர் ஊர். அங்கே உருக்குக் கட்டிகளை வாங்கப் பாரசீக வியாபாரிகள் வந்து தங்கியதை 1820-களில் எழுதி வைத்திருக்கிறார்கள். சேலம் பக்கம் செய்முறையைப் பார்த்த வெள்ளைக்காரர்கள், மண்குகைக்குள் இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் வைத்து மூடியதைக் குறித்திருக்கிறார்கள். கட்டை கரியாகி, கரி இரும்பில் ஏறி, இரும்பு உருக்காகும். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் இந்த உருக்கைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். 1819 முதல் நாலைந்து வருஷம் அதே உருக்கின் குணத்தைக் கண்டுபிடிக்க உலையோடு மல்லுக்கட்டியவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்குப் பேர்போன அதே ஃபாரடேதான். அவர் அப்பா ஒரு கொல்லர் என்பதை இந்தச் சபையில் சொல்லாமல் விட்டால் பாவம். கூட இருந்தவர் கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். நம் உருக்கைப் போலச் செய்யப் பார்த்துப் பிளாட்டினம், வெள்ளி, குரோமியம் என்று ஒவ்வொன்றாக எஃகில் கலந்தார்கள். கலப்பு எஃகின் வரலாற்றில் அந்தச் சோதனைகளுக்கு முன்வரிசை இடம் உண்டு. இன்று நம் லாரிப் பட்டையில் இருக்கும் குரோமியத்தின் பூர்விகத்தைத் தேடினால் அந்த உலைவரைக்கும் போகும்.

பெருமையெல்லாம் சரி. ஆனால் அந்த உருக்கில் கரும்புக் கத்தி செய்துவிடாதீர்கள்! அதில் கார்பன் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். தேவைக்கு மேற்பட்ட கார்பன் இரும்போடு சேர்ந்து கடினமான துகள்களாக வரிவரியாக நிற்கும். இந்த உருக்கில் அடித்த டமாஸ்கஸ் வாளின் நீரோட்டக் கோலம் அதுதான். அந்த வரிகள் ஒழுங்காக விழுவதற்கு மிகச் சிறிய அளவில் வனேடியம் போன்ற கலப்படம் காரணம் என்று வெர்ஹோவன், பென்ட்ரே முதலிய ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். தோலையும் துணியையும் அறுக்க அருமையான வாய். வேலிக்கால் கல்லில் ஓங்கி ஒரு அடி அடித்தால் அழுதுவிடுவோம். அரசன் வாளும் ஆள்காரன் கொடுவாளும் ஒரே வேலை செய்வதில்லை.

இப்போது பட்டைக்கு வருவோம். காயலாங்கடைக்காரர் எல்லாவற்றையும் பட்டை என்றுதான் சொல்லுவார். ஆனால் உள்ளே மூன்று சாதி உண்டு. முதலாவது சிலிக்கான் பட்டை. ஈஎன் 45 என்பார்கள். கார்பன் 0.50 முதல் 0.60 சதவீதம், சிலிக்கான் 1.5 முதல் 2 வரை. இரண்டாவது குரோமியம் பட்டை. எஸ்யூபி 9 என்று ஜப்பானியப் பெயர், அமெரிக்காவில் 5160 என்ற எண். கார்பன் கிட்டத்தட்ட அதே அளவு, மாங்கனீசும் குரோமியமும் ஒவ்வொன்றும் முக்கால் சதவீதம் சுமார். மூன்றாவது, புதிய வண்டிகளில் வரும், நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும் பாரபாலிக் பட்டை. பெரும்பாலும் குரோமியமும் கொஞ்சம் வனேடியமும் கலந்தது. மூன்றும் பார்வைக்கு ஒன்றுதான். துருவில் எழுதியிருக்காது.

ஏன் இவை நமக்கு ஒத்துவருகின்றன? லாரிப் பட்டையின் பிழைப்பே குழியில் விழுந்து அடி வாங்கி, வளைந்து, மறுபடி நிமிர்வது. உடையாமல் அடி தாங்குவதற்காகவே கார்பனை 0.6-ஐச் சுற்றி நிறுத்தியிருக்கிறார்கள். தோய்ச்சல் போட்டால் முழுக் கடினமும் வர அந்த அளவு போதும். அதற்குமேல் உதிரிக் கார்பன் துகளாக மிஞ்சி உடைசலுக்கு வழி செய்யாது. மற்றவற்றைப் பாருங்கள். ரயில் தண்டவாளத்தில் கார்பன் 0.6 முதல் 0.8. நல்ல இரும்புதான், ஆனால் எண்ணெயில் தோய்த்தால் அரைகுறையாகத்தான் கடினப்படும், தண்ணீரில் தோய்த்தால் சில நேரம் பிளக்கும். தண்டவாளத் துண்டு பட்டறைக்கு எப்படி வந்தது என்ற கேள்வியும் கூடவே வரும்! பேரிங் எஃகில் கார்பன் 1, குரோமியம் 1.5. கூர் நன்றாக நிற்கும், பதம் தப்பினால் பறியும். பழைய அரத்தை அடித்துக் கத்தியாக்குகிறவர்கள் உண்டு. வீட்டுக் கத்திக்குச் சரி, கட்டை பிளக்க வேண்டாம். லேத்துப் பட்டறைகளில் எச்சிஎச்சிஆர் என்று ஒரு டை எஃகு சுற்றுகிறது. 1.5 சதவீதக் கார்பன், 12 சதவீதக் குரோமியம். தகடு வெட்டும் டைக்கு அது ராஜா, கொடுவாளுக்குக் கூடவே கூடாது. உள்ளே கிடக்கும் பெரிய பெரிய குரோமியத் துகள்கள் ஓங்கி அடிக்கும்போது விரிசலுக்கு வாசல் திறந்துவிடும். இதைக் ‘கனரகக் கத்தி’ என்று பாலீஷ் போட்டு விற்கிறார்கள்.

பணக்கார நாட்டுப் பொருளையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், யூடியூபில் பார்த்துவிட்டுத் தம்பிகள் கேட்பார்கள். சிபிஎம் 3வி என்று ஓர் எஃகு. உருக்கிய எஃகைத் தூளாகத் தெளித்து, தூளை அழுத்திக் கட்டியாக்கிச் செய்வது. 0.8 கார்பன், 7.5 குரோமியம், 2.75 வனேடியம். அடி தாங்குவதிலும் தேயாமல் இருப்பதிலும் ஒருங்கே கெட்டி. காட்டுக்குப் போகும் பெரிய கத்திகளில் இன்று நன்கு மதிக்கப்படும் எஃகுகளில் ஒன்று. ஆனால் அதைக் கடினமாக்க 1,000 டிகிரிக்கு மேல், சொன்ன சூட்டில் சொன்ன நேரம் நிறுத்த வேண்டும். துருத்தி உலையில் அது நடக்காது. இன்னொன்று, வனேடியத் துகள் நம் சாணைக்கல்லைவிடக் கடினம். வைரத் தகடு இல்லாமல் தீட்டப் பாடுபட வேண்டும். வரப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கத்தியால் என்ன பிரயோசனம்?

பட்டையை வாங்கும்போது ஒரு கவனம். இறந்த வண்டியின் பட்டை லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்தது. நடுப் போல்ட்டுத் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கலாம். துருவைத் தேய்த்துவிட்டு மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்கட்டிப் பொடியைத் தூவிப் பாருங்கள். விரிசலில் இறங்கிய எண்ணெய் கோடாகக் கசியும். துளைப் பக்கம் வேண்டாம், ஓரத் துண்டை வாங்குங்கள்.

சரி, உலை. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச ஆசை.

கொல்லர் பட்டறை இருட்டாக இருப்பதைப் பார்த்து, பாவம் வசதியில்லை என்று நினைக்கிறோம். இருட்டு அங்கே ஒரு கருவி. இரும்பின் சூட்டை அவர் நிறத்தில் படிக்கிறார். வெயிலில் கருப்பாகத் தெரியும் இரும்பு நிழலில் ரத்தச் சிவப்பாகத் தெரியும். தகரக் கூரையைப் பிரித்துவிட்டு, ‘காற்றோட்டம்’ என்று வெளியில் உலை வைத்தவர்கள் அத்தனை பேரும் இரும்பை அளவுக்கு மேல் காய்ச்சுகிறார்கள். கண் ஏமாற்றுகிறது, துருத்தி மிதிபடுகிறது.

அளவுக்கு மேல் காய்ந்தால் என்ன? இரும்பின் உள்மணி பருத்துவிடும். இதை நீங்களே பார்க்கலாம். ஒரு விரல் அகலத் துண்டைக் காய்ச்சித் தோய்த்து, பதம் இறக்காமல், குறட்டில் பிடித்துச் சுத்தியால் உடையுங்கள். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் காட்டுங்கள். சாம்பல் நிறத்தில் மெத்தென்று, மணியே தெரியாமல் இருந்தால் சூடு சரி. நாட்டுச் சர்க்கரை மாதிரி மினுமினுவென்று மணிமணியாக இருந்தால் அந்தத் துண்டு அதிகம் காய்ந்தது. அப்படிப்பட்ட கத்தியை எவ்வளவு அழகாகப் பதம் இறக்கினாலும் பல் விழும். நல்லவேளை, இது திருத்தக்கூடிய குற்றம். அடித்து முடித்ததும் நேராகத் தோய்ச்சலுக்குப் போகாமல், சிவக்கக் காய்ச்சிக் காற்றிலேயே ஆறவிட வேண்டும். மறுபடி, முன்னதைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில். மறுபடியும். மூன்று தடவை செய்தால் பருத்த மணி பொடிமணியாகும். எரிப்பதற்குக் கொஞ்சம் கரி, காத்திருப்பதற்குக் கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான் செலவு. கூலி கொடுக்காத கால் மணி நேரம் என்று சொன்னேனே, அதில் பாதி இது.

தோய்க்க எவ்வளவு காய்ச்சுவது? காந்தம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஒலிபெருக்கியில் இருப்பது போதும், ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். இரும்பு ஏறக்குறைய 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். குரோமியம் பட்டை என்றால் காந்தம் விட்டதும் நிறம் ஒரு படி ஏறட்டும், 830 முதல் 850-க்குள் வந்துவிடும், போதும். சிலிக்கான் பட்டைக்கு அது போதாது. சிலிக்கான் அந்த மாற்றத்தின் சூட்டையே மேலே தள்ளுகிறது. 900-ஐ ஒட்டி, செம்மஞ்சளை எட்டிப் பார்க்கும் நிறம் வர வேண்டும். ஒரே பட்டறையில், ஒரே கையில், சில கத்தி நன்றாகவும் சில கத்தி மொக்கையாகவும் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம். சாதி தெரியாத பட்டையை ஒரே சூட்டில் தோய்க்கிறோம். அதனால்தான் முதலில் துண்டை உடைத்துப் பாருங்கள் என்கிறேன். குறைந்த சூட்டில் தோய்த்த துண்டு உடையவே மறுத்து வளைந்தால், இன்னும் மேலே போக வேண்டும் என்று இரும்பே சொல்லுகிறது.

தோய்ச்சல் தண்ணீரிலா எண்ணெயிலா என்று பெரிய வழக்கு நடக்கிறது. வெறும் கார்பன் எஃகு, குறிப்பாக 1095 போன்றது, சிவப்பிலிருந்து ஒரு விநாடிக்குள் 550 டிகிரிக்குக் கீழே விழுந்தாக வேண்டும். தண்ணீரோ மிக வேகமான எண்ணெயோ வேண்டும். பட்டையில் இருக்கும் குரோமியமும் மாங்கனீசும் அந்த அவசரத்தைக் குறைத்து, சில விநாடி அவகாசம் கொடுக்கின்றன. அவகாசம் கிடைத்த பிறகும் தண்ணீரில் முக்கினால் ‘டிங்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் கத்தியைக் காயலாங்கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். எண்ணெய்தான் சரி. பழைய எஞ்சின் ஆயில் வேண்டாம். அதன் புகை நெஞ்சுக்குள் போகிறது, அதில் கரைந்த உலோகமும் சேர்ந்து போகிறது. கடலை எண்ணெய் போதும். கடலை விளையும் நாட்டில் இதற்கு யோசிக்கக் கூடாது. கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமாக, 50, 60 டிகிரிக்கு எண்ணெயைச் சுட வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட எண்ணெய் இளகி ஓடும், ஆறிய எண்ணெயைவிட வேகமாகச் சூட்டை வாங்கும். இது நம்ப முடியாததுபோல இருக்கும், செய்து பாருங்கள்.

நேபாளத்தில் குக்ரி செய்கிறவர்களும் லாரிப் பட்டைக்காரர்கள்தான். அவர்கள் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் முக்குவதில்லை. மூக்கு நீண்ட கெண்டியிலிருந்து சூடான தண்ணீரை வாயின்மேல் மட்டும் நூல்போல் ஓட விடுவார்கள். வாய் கடினப்படும், வயிறும் முதுகும் மெல்ல ஆறி மெத்தென்று நிற்கும். கிடாயை ஒரே வெட்டில் வெட்டும் கத்தி முதுகில் உடையாமல் இருப்பதன் ரகசியம் அந்தக் கெண்டியில் இருக்கிறது.

நம் பக்கத்து நல்ல கொல்லர் அதையே எண்ணெயில் செய்கிறார். கவனித்துப் பாருங்கள். கத்தியின் வாயை மட்டும் ஒரு விரல் அளவுக்கு எண்ணெயில் இறக்குகிறார். முதுகு சிவந்தபடியே வெளியே நிற்கிறது. கை மட்டும் மேலும் கீழும் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். ஒரே மட்டத்தில் நிறுத்தினால் கடினமும் மென்மையும் சந்திக்கும் இடம் கோடாக விழுந்து அங்கேயே விரிசல் ஓடும். முதுகின் சிவப்பு மங்கியதும் வெளியே எடுக்கிறார். உடைந்த சாணைக்கல் துண்டால் வாயின் ஒரு பக்கத்தை இரண்டு தேய்ப்பு தேய்க்கிறார். கரி விலகி வெள்ளை தெரிகிறது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்க்கிறார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாயை நோக்கி இறங்கி வருகிறது, நிறங்களாக. வைக்கோல் நிறம் 200, 230 டிகிரி. பழுப்பு 255. ஊதா 280. நீலம் 300. அவர் நினைத்த நிறம் வாயின் விளிம்பைத் தொட்ட கணத்தில் முழுக் கத்தியையும் எண்ணெயில் போடுகிறார். பேசிக்கொண்டிருந்தால் தப்பிவிடும். அந்த நேரத்தில் அவரிடம் விலை பேசாதீர்கள்.

இந்த முறையில் ஒரே ஒரு குறை. நிறம் வந்து போவது சில விநாடி. பதம் இறங்க நேரமும் வேண்டும். சூட்டு அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்ததும், வைக்கோல் நிறம் எட்டிப் பார்த்ததும் ஒன்றாகாது. ஆகவே முதுகைச் சற்றுச் சூடாக்கி, இதே நிற ஓட்டத்தை இரண்டு மூன்று தடவை விடுங்கள்.

எந்த நிறத்தில் நிறுத்துவது? இதில் உலோகவியல் ஒரு எச்சரிக்கை சொல்கிறது. சாதாரணக் கலப்பு எஃகைச் சுமார் 260 முதல் 370 டிகிரிக்குள் பதம் இறக்கினால், கடினம் குறைந்தாலும் அடி தாங்கும் குணம் கூடுவதற்குப் பதிலாகக் குறையும். நீலத்தில் நிறுத்திய குரோமியம் பட்டைக் கத்தி சில நேரம் காரணமே தெரியாமல் உடைவது இதனால்தான். சிலிக்கான் அதிகமான எஃகில் இந்த ஆபத்து வட்டம் இன்னும் மேலே தள்ளிப்போகிறது. விமானத்தின் தரையிறங்கும் கால்களுக்கு 300எம் என்ற எஃகில் வேண்டுமென்றே சிலிக்கான் சேர்த்து, 300 டிகிரியில் பதம் இறக்குகிறார்கள். அதே தயவு நம் ஈஎன் 45-க்கும் உண்டு. ஆகவே என் யோசனை இது. கல்லில் அடிபடும் கரும்புக் கத்திக்குச் சிலிக்கான் பட்டையைத் தேடுங்கள், நீலம் தொடங்கும்வரை பதம் இறக்குங்கள். 55-ஐ ஒட்டி நிற்கும், அரம் பிடிக்கும். மாமரக் கவாத்துக்கும் விறகுக்கும் குரோமியம் பட்டை. வைக்கோல் நிறத்தோடு நிறுத்தி, கல்லில் தீட்டிக்கொள்ளுங்கள். அது தரையைத் தொடாத கத்தி. ஒரே கத்தியை இரண்டு வேலைக்கும் வாங்குவது இந்த ஊர்ப் பழக்கம். பழக்கத்தோடு எனக்குச் சண்டை உண்டு.

சாலையோரத்தில் இன்னொரு வகை விற்கிறது. உலையே கிடையாது. பட்டையைக் கிரைண்டரால் வெட்டி, அதிலேயே சீவி, பிடி போட்டு முடித்துவிடுவார்கள். பெரியவர்கள் இதைக் கேவலமாகப் பேசுவார்கள். நான் அவ்வளவு கேவலமாக நினைக்கவில்லை. தொழிற்சாலையில் போட்ட பதம் அப்படியே இருக்கிறது. 45 சுமாருக்குக் கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனால் உடையாது. முள் வெட்டப் போதும். ஒரே நிபந்தனை, கிரைண்டர் ஓடும்போது வாய் நீலமாகக் கூடாது. நீலம் விழுந்து, அதையும் தாண்டிச் சாம்பலானால் அந்த இடத்தில் இருந்த பதமும் போயிற்று. வாய் மெலிந்த பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் நனைக்க வேண்டும். வாங்கும்போது வாயில் நீலக் கறை தெரிந்தால் வேறு கத்தியை எடுங்கள். கறையைப் பாலீஷில் மறைத்தவரிடம் மாட்டினால் உங்கள் பாடு.

தெற்கே சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குச் சினிமாப் புகழ் உண்டு. அங்கேயும் மூலப்பொருள் பெரும்பாலும் இதே லாரிப் பட்டை. கருப்பசாமிக்கு நேர்ந்துவிடும் ஆளுயர அரிவாளுக்குத் தோய்ச்சல் வேண்டியதில்லை. சாமி கரும்பு வெட்டப் போவதில்லை. புகழைப் பார்த்து ஊர்ப் பெயருக்காக வாங்கி வருகிறவர்கள், கையில் இருப்பது எந்த வகை என்று கேட்டு வாங்குவது நல்லது. சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த கருவியை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்காகச் சித்தூர் பஸ்ஸில் உறையில்லாமல் கொண்டுபோக வேண்டாம். சாக்கில் சுற்றுங்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? ஒரு நைந்த அரத்தை எடுத்துப் போங்கள். வாயில் ஓட்டினால் கடித்துப் பிடித்து, சற்று முரண்டு பண்ணி, பொடி உதிர வேண்டும். கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் பதம் இறங்கவில்லை. வெண்ணெய்போல் வந்தால் தோய்ச்சலே ஏறவில்லை. அதே அரத்தை முதுகில் ஓட்டினால் வாயைவிடச் சுலபமாகப் பிடிக்க வேண்டும். பிறகு பித்தளைக் கம்பி ஒன்றின்மேல் வாயைச் சாய்த்து அழுத்தி இழுங்கள். வாய் மெல்ல உப்பி, கம்பியைத் தாண்டியதும் பழையபடி நேராக வேண்டும். உப்பியபடியே நின்றால் மெத்து, பொடியாகப் பறிந்தால் முரடு. பட்டறைக்காரர் கோபித்துக்கொண்டால் வேறு பட்டறை. நல்ல கையுள்ளவர் கோபிக்க மாட்டார், கம்பியை அவரே எடுத்துக் கொடுப்பார்.

கடைசியாகக் காம்பு. கனமான கத்தி வாயில் உடைவதைவிட, உடம்பும் காம்பும் சேரும் இடத்தில் உடைந்தால்தான் ஆபத்து. பறந்து போவது முழுக் கத்தி, பக்கத்தில் நிற்பவர் பாவம். அந்த மூலையைச் செங்குத்தாக வெட்டாமல் வளைவாக விட வேண்டும். காம்புக்குத் தோய்ச்சல் கூடாது, மெத்தென்று இருக்க வேண்டும். பிடியில் ஏற்றக் காம்பைச் சிவக்கக் காய்ச்சி மரத்தில் அடிப்பது வழக்கம். அப்போது உடம்பின்மேல் ஈரச்சாக்கைச் சுற்றாவிட்டால், சூடு மேலேறி அடிவாயில் இருந்த பதத்தைத் தின்றுவிடும். புதுக் கத்தியில் பிடியை ஒட்டிய நாலு விரல் மட்டும் சீக்கிரம் மழுங்குவதைக் கவனித்திருப்பீர்கள். சாக்கு நனையாத கதை அது.

பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் பட்டைத் துண்டு கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார்கள். சுத்தியும் குறடும் இங்கே இருக்கின்றன. துண்டுகளைத் தோய்த்து உடைத்துப் பார்த்துக்கொண்டே உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.